நீலமலையும் கொங்குச் சமவெளியும்: விக்டோரியா கால மானிடவியல்

அன்னூர்ப் பக்கம் வடமேற்கே தெரியும் நீலமலைதான், விக்டோரியா கால மானிடவியலார் தேடிவந்த பள்ளிக்கூடம். 1871இல் லண்டனின் இனவியல் சங்கமும் மானிடவியல் சங்கமும் ஒன்றாயின. மனிதப் பண்பாடு படிப்படியாக வளர்ந்தது என்று வாதிட்ட டைலரின் நூலும் அவ்வாண்டே வந்தது. அந்தப் படிக்கட்டில் கீழ்ப்படிக்கு ஆள் தேடியவர்களின் கண்ணில் நீலமலையில் வாழும் தோடர்கள் பட்டார்கள்.

மேட்டுப்பாளையத்துக்கு ரயில் வந்த 1873இலேயே தோடர்களைப் பற்றிப் பேசும் இரண்டு நூல்கள் வெளியாயின. ஒன்றில் மார்ஷல் மண்டையோட்டின் மேடுபள்ளத்தை வைத்துக் குணம் சொல்ல முயன்றார். அந்தச் சாத்திரம் செத்துவிட்டது. மற்றதை நீலகிரி ஆணையராக இருந்த பிரீக்ஸ், கல்வட்டங்களைத் தோண்டியும், தோடர், கோத்தர், குறும்பர், இருளர் வழக்கங்களை விசாரித்தும் எழுதினார். நூல் வெளிவரும் முன்பே, 1872இல், அவர் இறந்துவிட்டார். அவர் தோண்டியெடுத்த பொருள்களை எழும்பூர் அருங்காட்சியகத்தில் இன்றும் ஆராயலாம்.

அந்த அருங்காட்சியகத்துக்கு 1885இல் தலைவரான தர்ஸ்டன் மூக்கையும் தலையையும் கருவி வைத்து அளந்தார். மூக்கின் அகலத்தைக் கொண்டு சாதிகளை வரிசைப்படுத்தலாம் என்று ரிஸ்லி நம்பிய காலம் அது. அந்த நம்பிக்கை மனிதரை மேல் கீழாக அடுக்கவே பயன்பட்டது. அதற்கு மதிப்பளிக்க என்னால் இயலாது. ஆனால் 1909இல் வந்த தர்ஸ்டனின் ஏழு தொகுதிகளில் உள்ள சடங்கு, கதை, தொழில் குறிப்புகள் இன்றும் பயன்படுகின்றன. முகப்பில் உதவியவராக நிற்கும் கா. ரங்காச்சாரியின் பங்கைத் தனியே ஆராய வேண்டும்.

என் கணிப்பில் உயர்ந்த பள்ளி, இவர்களுக்குப் பின்வந்த ரிவர்ஸுடையது. யார் யாருக்குப் பிள்ளை, எந்த மந்தில் (தோடர் குடியிருப்பில்) பிறந்தவர், யாரைக் கட்டினார் என்று பெயர் பெயராகக் கேட்டு, ஒருவர் சொன்னதை மற்றவரிடம் சரிபார்த்தார். 1906இல் வந்த அவர் நூலில் 72 வம்சாவளி அட்டவணைகள் உள்ளன. அவற்றில் தோடர்கள் பெயருள்ள மனிதர்களாக நிற்கிறார்கள். மொழிபெயர்ப்பாளரை நம்பியே கேட்டது அவருடைய குறை. 1930களில் வந்த எமனோ தோடமொழியைக் கற்று, அவர்கள் பாட்டுகளை அம்மொழியிலேயே எழுதிக்கொண்டார்.

சமவெளிக்கு இந்தக் கவனம் கிட்டவில்லை. நிகல்சனின் 1887ஆம் ஆண்டுக் கோயம்புத்தூர் மாவட்டக் கையேடு மண், கிணறு, பயிர், வரி ஆகியவற்றை நுணுக்கமாகச் சொல்கிறது; நிர்வாகத்துக்கு வேண்டியது அதுதான். நம் சீர், குலம், கோயில் முறைகளை ஊரில் தங்கிக் கேட்டெழுதிய பிரெண்டா பெக்கின் கொங்கு நூல் வர 1972 ஆயிற்று.