கிழட்டுக் குதிரைக்காக நின்ற கூட்டம்

ஓ.வி. விஜயனின் ‘கசாக்கின் இதிகாசம்’ லேசில் பிடிபடாது என்று சொல்பவர்கள் நிறைய. மலையாள நவீனத்துவத்தின் முதல் வரிசையில் வைக்கப்படும் நாவலோடு அந்தப் பேச்சும் ஒட்டிக்கொண்டுவிட்டது. கோவிந்தாபுரம் செக்போஸ்டைத் தாண்டி, முதலமடை மாந்தோப்புகளையும் கொல்லங்கோட்டையும் கடந்து பாலக்காடு போய்வரும் நம் எல்லைக்காரர்கள் அதை நம்ப வேண்டியதில்லை என்பது என் எண்ணம். நாவலின் மண் நம் காலடியில் இருக்கிறது.

1968-இல் மாத்ருபூமி வார இதழில் தொடராக வந்து, 1969-இல் நூலானது. விஜயனின் சகோதரி சாந்தா ஓராசிரியர் பள்ளி ஒன்றில் வேலை பார்த்த தஸ்ராக்தான் கதையில் கசாக் ஆயிற்று. பனங்காட்டில் இரையும் கணவாய்க் காற்றும், தமிழ் கலந்து பேசும் இராவுத்தர்களும், அம்மை கண்டால் அம்மனிடம் ஓடும் சனங்களும் நமக்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியவையா?

தொடக்கத்தையே பாருங்கள். கூமன்காவில் பஸ்ஸை விட்டு இறங்கும் ரவிக்கு அந்த இடம் புதிதாகவே தெரிவதில்லை. எப்போதோ வந்துபோன இடம்போல அவன் மனசுக்குப் படுகிறது. வாசகரை மிரட்டும் நாவல் இப்படியா வாசலைத் திறக்கும்? அவன் வாத்தியார் வேலைக்கு வந்திருக்கிறான். சிற்றன்னையோடு நேர்ந்த உறவின் குற்றவுணர்வைச் சுமந்து வந்திருக்கிறான் என்பது பிற்பாடு, துண்டு துண்டாகத்தான் தெரிகிறது. சிரமம் என்று சொல்வதானால் அது இங்கேதான். முன்னறிவிப்பு இல்லாமல் காலம் பின்னால் போய்விட்டு வரும். ஆனால் குற்றவுணர்வு உள்ளவன் நினைவு வரிசையாகவா வரும்? அந்தக் குலைவுதான் ரவி.

அல்லாப்பிச்சை மொல்லாக்கா பிள்ளைகளுக்குச் சொல்லும் கதைக்கு நான் திரும்பத் திரும்பப் போகிறேன். ஆயிரத்தோரு குதிரைகளோடு ஒரு படை வருகிறது. ஆயிரம் குதிரைகள் நல்ல திடகாத்திரமானவை. தலைவர் சையது மியான் ஷேக் ஏறி வந்தது மட்டும் நோயில் விழுந்த கிழட்டுக் குதிரை. அதனால் மேற்கொண்டு நடக்க முடியவில்லை என்றதும் மொத்தப் படையும் பனங்காட்டில் தங்கிவிடுகிறது. கசாக் அப்படிப் பிறந்த ஊர். வெற்றியோ புதையலோ அல்ல, சாகக் கிடந்த ஒரு வாயில்லா ஜீவனுக்காகக் காத்திருந்ததுதான் ஓர் ஊரின் மூலக்கதை! அந்தக் கூட்டத்தைப் போலவே நாமும் பக்கங்களில் தங்கித் தங்கிப் போனால் போதும். அடுத்து என்ன என்று விரட்டினால்தான் நாவல் கைநழுவும்.

இன்னொரு கதையில் உடன்பிறந்த இரண்டு உயிர்த்துளிகள் உலா கிளம்புகின்றன. மூத்தவள் ஒரு பள்ளத்தாக்கிலேயே நின்று செண்பக மரமாகிறாள். இளையவள் மேலே நடந்துபோய்விடுகிறாள். காலங்கள் கழிந்து, கண்ணில் மையிட்ட ஒரு பெண் பூப்பறிக்க வந்து கிளையை வளைக்கிறாள். தங்கைக்குத் தன் நினைவே இல்லை என்பது அப்போது மரத்துக்குத் தெரிகிறது. பரிணாமம், மறுபிறவி, மறதி என்று மூன்று பெரிய விஷயங்கள். பாட்டி சொல்லும் கதையின் அளவில் அடங்கிவிட்டன. நீட்டி முழக்கும் தத்துவ விளக்கம் இல்லை. கிளை ஒடிவது மட்டும் கேட்கிறது.

தமிழில் யூமா வாசுகியின் மொழிபெயர்ப்பு இருக்கிறது. 2017-ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமியின் மொழிபெயர்ப்பு விருது பெற்றது. முதன்முறை எடுப்பவர்கள் பாத்திரப் பெயர்களைக் குறித்துவைத்துக்கொண்டு திண்டாட வேண்டாம். குப்புவச்சன், மைமூனா, நைசாமலி, அப்புக்கிளி என்று எல்லோரும் தம் பாட்டுக்கு வந்து பழகிவிடுவார்கள். மொல்லாக்காவின் குதிரைக் கதையை மட்டும் வீட்டில் ஒரு பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்து, வாய்விட்டு வாசித்துக் காட்டுங்கள்.