கசிவுச் சோதனையின் சான்று எவ்வளவு செல்லும்?

களியக்காவிளையைத் தாண்டி இஞ்சிவிளை, பாறசாலை, நெய்யாற்றின்கரை என்று போகும் சாலையில் மாநிலத்தோடு தொலைத்தொடர்பு வட்டமும் மாறுகிறது. எல்லையோர வீடுகளில் கைப்பேசி இரு பக்கத்து டவர்களையும் பிடிக்கும். வட்டம் மாறும்போது டேட்டா இணைப்பு அறுந்து, புதிய முகவரியோடு எழக்கூடும். அலுவலக வேலைக்கோ அந்தரங்கத்துக்கோ வி.பி.என். போட்டிருப்பவருக்கு ஆபத்தான நொடிகள் அவை. தளப்பெயர் தேடும் கேள்விகள் வி.பி.என்.னுக்கு வெளியே கசிகின்றனவா என்று பார்க்கும் சோதனைப் பக்கம் “கசிவு இல்லை” என்று சொல்லிவிட்டால் போதும் என்ற நம்பிக்கையை இப்படிப்பட்ட ஊரில் வைத்தே உரைத்துப் பார்க்க வேண்டும்.

சோதனைப் பக்கம் செய்வது எளிய வேலை. இதுவரை யாரும் கேட்டிராத சில தளப்பெயர்களை உங்கள் பிரவுசரைத் தேட வைக்கிறது. அந்தப் பெயர்களுக்குப் பதில் சொல்லும் சர்வர் அந்தப் பக்கத்தாருடையது. தளப்பெயருக்கு முகவரி தேடித் தரும் எந்த டி.என்.எஸ். சர்வர் வந்து விசாரித்தது என்பது அங்கே பதிவாகிவிடும். வி.பி.என். ஓடும்போது உங்கள் சிம் நிறுவனத்தின் சர்வர் அதில் தென்பட்டால் கசிவு உறுதி. இந்த அளவில் சோதனையை முழுதாக நம்பலாம்.

அது தென்படாவிட்டால்தான் சிக்கல். கூகுளின் சர்வர் பட்டியலில் வந்தால், கேள்வி வி.பி.என். குழாய் வழியாக அங்கே போனதா, வெளியே நேராகப் போனதா என்று சோதனையால் சொல்ல இயலாது. அதற்குத் தெரிவது விசாரித்த சர்வர் மட்டுமே, கேள்வி வந்த வழி தெரியாது. பிரவுசர் தனக்கென மறையாக்கப்பட்ட டி.என்.எஸ். வைத்திருந்தால் பிரவுசரின் நிலை மட்டுமே தெரியும். மற்ற செயலிகள் எந்த வழியில் போகின்றன என்பது தெரியாது. நாட்டின் பெயரும் சான்றாகாது. பயனர் விவரங்களை ஐந்தாண்டு சேமிக்கச் சொல்லி இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் உத்தரவிட்ட பின், எக்ஸ்பிரஸ்வி.பி.என். தன் சர்வர்களை இந்தியாவிலிருந்து எடுத்துவிட்டு, இந்திய முகவரிகளைச் சிங்கப்பூரிலிருந்தும் பிரிட்டனிலிருந்தும் வழங்கியது. ஆகவே “இந்தியா” என்று வந்ததுமே பதற வேண்டியதில்லை. சர்வர் யாருடையது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய குறை நேரம். சோதனை ஒரு கணத்தை மட்டும் பார்க்கிறது. அதே எக்ஸ்பிரஸ்வி.பி.என். விண்டோஸ் செயலியில், சில செயலிகளை மட்டும் குழாய்க்கு வெளியே விடும் வசதியை இயக்கியவர்களுக்கு டி.என்.எஸ். கசிந்தது. 2022 மே மாதப் பதிப்பிலிருந்து இருந்த அந்தப் பிழை, ஒரு பத்திரிகையாளர் கண்டு சொல்லி 2024 பிப்ரவரியில்தான் வெளியே வந்தது. அந்த வசதியை இயக்காமல் சோதித்தவருக்கு முடிவு சுத்தமாகவே வந்திருக்கும். 2024 மே மாதம் மல்வாட் என்ற வி.பி.என். நிறுவனம் வெளியிட்டது இன்னும் கவலைக்குரியது. வி.பி.என். இல்லாமல் எதையும் அனுப்பாதே என்ற ஆண்ட்ராய்டு அமைப்பு இயக்கத்தில் இருந்தும், செயலி குழாயை மறுஅமைப்புச் செய்யும்போதும் முறிந்து நிற்கும்போதும் டி.என்.எஸ். கேள்விகள் சற்று நேரம் வெளியேறின. குழித்துறையிலிருந்து பாறசாலைக்கு ரயிலில் வருபவரின் செயலி இப்படி எத்தனை முறை தடுமாறும்! சோதனைப் பக்கத்தையோ அவர் வீட்டில் அமர்ந்து, நான்கு கம்பி சிக்னலில் திறந்து பார்த்திருப்பார்.

ஆகவே என் தீர்ப்பு: கசிவு உண்டு என்று அந்தப் பக்கம் சொன்னால் ஏற்கலாம், இல்லை என்று சொன்னால் அதை விடுதலைப் பத்திரமாக ஏற்க முடியாது. விடுதலை தர வேறு சாட்சி வேண்டும். லேப்டாப்பில் பாக்கெட்டுகளைக் காட்டும் வயர்ஷார்க்கைத் திறந்து, வி.பி.என். இடைமுகத்தை விட்டு, வைஃபை இடைமுகத்தில் டி.என்.எஸ். கேள்விகள் போகும் 53-ஆம் போர்ட்டைக் கவனியுங்கள். அதில் ஒரு பாக்கெட் தெரிந்தாலும் கசிவுதான். ஐ.பி.வி.6 வரிகளையும் தவறாமல் பாருங்கள். 2016-இல் ஆஸ்திரேலியாவின் அறிவியல் ஆய்வு அமைப்பான சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. பங்கேற்ற ஆய்வு 283 ஆண்ட்ராய்டு வி.பி.என். செயலிகளைச் சோதித்ததில் 66 சதவீதம் டி.என்.எஸ். விஷயத்திலும் 84 சதவீதம் ஐ.பி.வி.6 விஷயத்திலும் தவறின. பிறகு வைஃபையை அணைத்துப் போட்டு, செயலியைப் பாதியில் நிறுத்தி, மீண்டும் பாருங்கள். கைப்பேசியை அந்த லேப்டாப்பின் ஹாட்ஸ்பாட்டில் இணைத்தும் இதையே செய்யலாம்.

இதற்கும் ஓர் எல்லை உண்டு. சிம் வழியே போகும் டேட்டாவை, ரூட் செய்யாத ஆண்ட்ராய்டு போனில் இப்படிப் பார்க்க வழியில்லை. டவர் மாறும் நொடியில் அங்கே என்ன நடந்தது என்று பயனருக்குத் தெரியவே தெரியாது. எனவே இஞ்சிவிளையில் குடியிருப்பவர், பிறர் அறியக் கூடாத வேலையை மொபைல் டேட்டாவில் செய்யாமல், மேற்சொன்ன விதத்தில் அளந்து பார்த்த வீட்டு பிராட்பேண்டில் செய்வதே சரி.