அச்சுக்கூடம் யாருடையது?

முகநூல், வாட்ஸ்அப், யூடியூப் முதலிய இணைய ஊடகங்கள் குறித்து நம் ஆசிரியர்களிடையேயும் மாணவர்களிடையேயும் இரண்டு அபிப்பிராயங்கள் நிலவுகின்றன. இவை இளைஞரைக் கெடுக்கும் நச்சுச் சரக்குகள் என்பது ஒன்று. நாவல் வந்தபோதும் சினிமா வந்தபோதும் எழுந்த அதே புலம்பல் இது. இதனைப் பற்றி இங்கு அதிகம் பேசவேண்டியதில்லை. மற்றையது, முற்போக்காளர் எனத் தம்மைக் கருதுவோர் பலரும் கூறுவது: தொழில்நுட்பம் ஒரு கத்தி, பழம் நறுக்குவதும் ஆளைக் குத்துவதும் அதைப் பிடித்திருப்பவனைப் பொறுத்தது. நியாயமாகத் தோன்றும் இவ்வாதமே உண்மையில் பரிசீலனைக்குரியது.

எதை வெட்டலாமென்று எந்தக் கத்தியும் எடுத்துக் கொடுப்பதில்லை. முகநூல் எடுத்துக் கொடுக்கிறது. நாம் எழுதுவது எத்தனை பேர் கண்ணில் படவேண்டும், எது முதலில் வரவேண்டும் என்பதை அந்நிறுவனத்தின் கணினிகளே வரிசைப்படுத்துகின்றன. வாசகனை நெடுநேரம் தங்கவைத்து விளம்பரம் விற்பதே அவ்வரிசையின் நோக்கம். கோபமும் அச்சமும் மனிதரை விரைவில் தூண்டுவன. ஆதலால் அவை முன்னுக்கு வருகின்றன. 2018 மார்ச்சில் திகனப் பகுதியில் முஸ்லிம் மக்களின் வீடுகளும் கடைகளும் எரிந்தபோது இதன் விளைவை நாடு கண்டது. சிங்களத்தில் எழுதப்பட்ட வெறுப்புரைகளைப் பற்றி முறையிட்டோருக்கு உரிய பதில் கிடைக்கவில்லை. அந்நிறுவனம் வருத்தம் தெரிவித்ததோ 2020 மே மாதத்தில். அரசாங்கம் தன் பங்குக்குத் தடை விதித்தது. 2018இல் இனவெறியை அடக்கவென்று பூட்டப்பட்ட அதே கதவு, 2022 ஏப்ரலில் மக்கள் அரசுக்கெதிராகத் திரண்டபோதும் பூட்டப்பட்டது. ஒருபுறம் கம்பெனி, மறுபுறம் அரசு. கத்தியின் பிடி நம் கையில் இருப்பதாக எண்ணிக்கொள்வது எங்ஙனம்?

நமது வரலாற்றிலேயே இதற்கொரு முன்னுதாரணம் உண்டு. அமெரிக்க மிஷனரிமார் 1841இல் யாழ்ப்பாணத்தில் ‘உதயதாரகை’யைத் தொடங்கினர். அச்சுக்கூடம் அவர்களுடையது. அவர்களோடு வாதிடப் புகுந்த ஆறுமுக நாவலர், அவர்களது யந்திரத்தை நம்பியிருக்கவில்லை. 1849இல் சென்னை சென்று அச்சியந்திரம் வாங்கிவந்து வண்ணார்பண்ணையில் நிறுவினார். நாவலரின் சாதி நோக்கை நாம் ஏற்பதற்கில்லை. ஆயினும் அச்சுக்கூடம் யாருடையது என்ற கேள்வியின் கனத்தை அவர் உணர்ந்திருந்த அளவுக்கு நாம் உணரவில்லை என்பதை மறுக்கவும் முடியாது.

இன்றைய எழுத்தாளர் பலர் தம் கதை, கவிதை, சர்ச்சை யாவற்றையும் முகநூலில் கொட்டுகின்றனர். விமர்சனம் என்பது ‘வாழ்த்துக்கள் தோழர்’ என்ற இரு சொல்லாகச் சுருங்கிவிட்டது. நான்கு வருடங்களுக்கு முன் அங்கு நடந்த ஓர் இலக்கிய விவாதத்தைத் தேடிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது எவ்வளவு ஆழத்தில் புதைந்து கிடக்கிறதென்று. கணக்கு முடக்கப்பட்டால் அதுவுமில்லை. மாணவர் நிலை இன்னும் மோசம். கைத்தொலைபேசிக் கம்பெனிகள் முகநூலுக்கும் யூடியூபுக்குமெனத் தனியே மலிவான ‘டேட்டா பக்கேஜ்’களை விற்கின்றன. வேறு தளத்துக்குப் போனால் காசு வேறாகக் கழியும். ஒரே தொலைபேசியைத் தங்கையுடன் பகிர்ந்துகொள்ளும் தோட்டத்துப் பிள்ளைக்கு இணையம் என்பது அவ்விரண்டு மூன்று கடைகள் மாத்திரமே. ‘உலகமே உள்ளங்கையில்’ என்று மேடைகளில் முழங்குவோர் இதை எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

மாறான முயற்சி நம்மிடம் இல்லாமலில்லை. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டு ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. அந்த நினைவு ஆறாத சமூகத்திலிருந்து 2005இல் ‘நூலகம்’ என்ற எண்ணிம நூலகம் தோன்றியது. தொண்டர்கள் கட்டியெழுப்பிய அதில், டொமினிக் ஜீவா 1966இல் தொடங்கிய ‘மல்லிகை’யின் இதழ்களை எவரும் கட்டணமின்றி வாசிக்கலாம். விளம்பரமில்லை, எதை முதலில் படிக்கவேண்டுமென்று எவரும் நம்மைத் தள்ளுவதில்லை. இணையம் யாருக்காக, எவ்வாறு இயங்கலாம் என்பதற்கு இதைவிடச் சிறந்த சான்று வேண்டியதில்லை.

ஆனால் நாம் அதைப் பயன்படுத்தும் விதம்தான் வெட்கத்துக்குரியது. ஆய்வுக்கட்டுரைக்கு வேண்டியதை இறக்கிக்கொள்கிறோம். வீட்டு அலுமாரியிலுள்ள பழைய இதழ்கள் அங்கே போய்ச் சேர்வதில்லை. நானறிந்த ஆசிரியர் ஒருவர், தந்தையார் சேர்த்துவைத்த சஞ்சிகைகளின் அட்டைகளைப் படம்பிடித்து முகநூலில் இட்டார். முந்நூறு பேர் விருப்பம் தெரிவித்தனர். நூலகத்துக்குக் கொடுத்துதவலாமே என்றேன், பார்ப்போம் என்றார். அது நடந்து இரு வருடங்களாகின்றன. பெட்டிக்குள் கறையான் ஏறிவிட்டதாகச் சென்ற மாதம் சொன்னார்.