பார்பரா கழற்றிய சின்னம்

பெர்னார்ட் ஷா பக்தர் அல்லர். மதபீடங்களை அவர் எழுதுகோல் விட்டுவைத்ததும் இல்லை. அத்தகையவர், 1905-இல் இலண்டன் ராயல் கோர்ட் அரங்கில் மேடையேறிய 'மேஜர் பார்பரா' நாடகத்தில், இரட்சணிய சேனையின் சீருடை தரித்த நங்கையொருத்தியைத் தலைவியாக்கினார். கேலிப்பொருளாக அன்று, கண்ணியத்தின் உருவாக! மதத்தைச் சாடும் நூலென எண்ணி ஏட்டைப் புரட்டுவோர் ஏமாறுவர். மதத்தைப் போற்றும் நூலென எண்ணிப் புரட்டுவோரோ, இன்னும் பெரிதும் ஏமாறுவர்.

யார் இந்தச் சேனையினர்? கிழக்கு இலண்டனின் சேரிகளில், 1865-இல் வில்லியம் பூத் என்ற போதகர் தொடங்கிய பணி, 1878-இல் 'சேனை' என்று பெயர் பூண்டது. கொட்டும் முழக்கும் பட்டமும் பதவியும் பட்டாளத்தைப் பார்த்து எடுத்தவை. போர் மட்டும் பசியோடும் குடியோடும். 1890-இல் பூத் வெளியிட்ட நூலில் ஓர் உவமை வருகிறது. இலண்டன் தெருவில் வாடகை வண்டிக் குதிரை இடறி விழுந்தால், அது ஏன் விழுந்தது என்று எவரும் விசாரிப்பதில்லை. முதலில் தூக்கி நிறுத்துகிறார்கள். அதற்குத் தீனி உண்டு, கொட்டில் உண்டு, வேலை உண்டு. அந்தக் குதிரைக்குக் கிடைப்பதேனும் மனிதனுக்குக் கிடைக்கலாகாதா என்று கேட்டார் பூத். விழுந்தவனின் பாவக்கணக்கைப் பார்த்துவிட்டுப் பிறகு கைகொடுக்கும் உபகாரிகள் நிறைந்த நாட்டில், அது சாட்டையடி.

நாடகத்தின் உயிர் இரண்டாம் அங்கம். வெஸ்ட் ஹாம் பகுதியிலுள்ள சேனையின் விடுதி முற்றம், தைக் குளிர், ரொட்டியும் பாலும். அங்கே வருவோரை ஷா எவ்வளவு கூர்ந்து பார்த்திருக்கிறார்! ஸ்நாபி பிரைஸ் என்பவன், பெற்ற தாயை அடித்த பெரும்பாவி தான் என்று கூட்டத்தில் கதறுகிறான். அடித்ததே இல்லை! பாவம் பெரிதாக இருந்தால்தான் மனமாற்றத்துக்கு மதிப்பு என்பதை அறிந்த வித்தகன் அவன். ஏழைக்கு ரொட்டி தருமுன் அவன் வாயிலிருந்து ஒரு வாக்குமூலத்தை எதிர்பார்த்தால், பொய்யைத்தான் விலைக்கு வாங்க நேரும். அவனருகே பீட்டர் ஷெர்லி. வயது 46. தலை நரைத்தது என்பதற்காக வேலையிலிருந்து விரட்டப்பட்டவன். கடவுள் மறுப்பாளன். பிச்சைச் சோறு உண்ண நாணிக் குமைகிறான். பார்பரா அவனிடம் வாக்குமூலம் கேட்கவில்லை. நம்பாதவன் என்றறிந்தும் முகம் சுளிக்கவில்லை. அவனது தன்மானம் குலையாமல் உண்ணச் செய்கிறாள். விசுவாசம் தொண்டாகக் கனியும் இடம் இதுவே. நாடகத்தில் நான் மிக விரும்பும் இடமும் இதுவே.

பிறகு வருகிறது பணம். பில் வாக்கர் என்ற முரடன், சேனையில் பணிபுரியும் இளம்பெண் ஜென்னியின் முகத்தில் குத்துகிறான். பார்பரா அவன் மனச்சான்றை மெல்ல மெல்லக் கிளறிவிடுகிறாள். வேதனை பொறாது, ஒரு பவுன் காசை வீசிக் கணக்குத் தீர்க்கப் பார்க்கிறான். சேனை விலைக்கு வராது என்று மறுத்துவிடுகிறாள். சிறிது நேரத்தில் திருமதி பெயின்ஸ், சேனையின் மேலதிகாரி, மகிழ்ச்சியோடு வருகிறாள்: சாராய வணிகன் பாட்ஜர் ஐயாயிரம் பவுன் தரச் சம்மதித்தானாம், வேறு எவரேனும் இன்னோர் ஐயாயிரம் திரட்டித் தந்தால். பீரங்கி வணிகனும் பார்பராவின் தந்தையுமான அண்டர்ஷாஃப்ட், அந்த ஐயாயிரத்தை அங்கேயே எழுதித் தருகிறான். ஒரு பவுன் வேண்டாம் என்ற சேனை, பத்தாயிரத்தை வேண்டாமென்னவில்லை! பார்பரா தன் சின்னத்தைக் கழற்றித் தந்தையின் கழுத்துப்பட்டையில் குத்துகிறாள். கொட்டு முழங்க ஊர்வலம் புறப்படுகிறது. முற்றத்தில் விட்டுச்சென்ற பவுனைப் பாவமன்னிப்புப் பெற்ற பிரைஸ் திருடிச் சென்றிருக்கிறான். பில் நகைக்கிறான். அந்த நகைப்புக்கு மறுமொழி அவளிடம் இல்லை.

எளிதில் திருமதி பெயின்ஸைப் பழித்துவிடலாம். ஆனால் விடுதி மூடப்பட்டால் அன்றிரவு அந்தக் குடும்பங்கள் எங்கே படுக்கும்? ஷா அவளைக் கயவளாக்கவில்லை. குடிப்பழக்கம் குடும்பத்தைச் சிதைக்கிறது. சிதைந்த குடும்பத்துக்குக் கஞ்சி ஊற்றச் சாராய முதலாளியே பணம் தருகிறான். வயிறு நிறைந்தவன் கலகம் செய்யமாட்டான் என்பதால் மற்ற முதலாளிகளும் நிம்மதியாக உறங்குகிறார்கள். தொண்டன் தூயவன், அவன் கையிலுள்ள அகப்பைதான் அடுத்தவனுடையது.

ஷா காட்டாத பக்கமும் உண்டு. சேனை கஞ்சித் தொட்டியோடு நின்றுவிடவில்லை. வெள்ளை எரியம் தீக்குச்சித் தொழிலாளரின் தாடையெலும்பை அரித்துக்கொண்டிருந்த காலத்தில், 1891-இல் ஓல்ட் ஃபோர்டு பகுதியில் அது சொந்தத் தொழிற்சாலை திறந்தது. தீங்கற்ற சிவப்பு எரியத்தைப் பயன்படுத்தி, மற்றவர்களைவிடக் கூடுதல் கூலியும் தந்தது. அது முதலாளிகளுக்கு விடுத்த அறைகூவல். இதற்கு நாடகத்தில் இடமில்லாமற் போனது குறையே.

இந்தியாவுக்கு 1882-இல் வந்த இச்சேனைக்கு நம் பக்கத்திலும் இருமுகம் உண்டு. நாகர்கோயிலில் பூத்தின் துணைவியார் காதரின் பெயரால் எழுந்த மருத்துவமனை ஒரு முகம். மற்றொன்று, அன்றைய சென்னை மாகாணத்திலிருந்த ஸ்டூவர்ட்புரம். 1871-இல் பிறந்து, 1952-இல் நாடெங்கும் நீக்கப்பட்ட குற்றப் பரம்பரைச் சட்டத்தின் பெயரால், எருகல மக்களை அடைத்துவைத்த அக்குடியிருப்பை அரசுக்காக நடத்தியது அதே சேனை. பிறப்பால் குற்றவாளி என்று ஓர் இனத்தையே முத்திரை குத்திய ஆட்சிக்கு அன்பின் சீருடை காவல் நின்றது. அங்கே சின்னத்தைக் கழற்றிய பார்பரா எவரேனும் இருந்தாரா?

மூன்றாம் அங்கத்தில் ஷா சறுக்குகிறார். அண்டர்ஷாஃப்டின் பீரங்கி நகரில் அழகிய வீடுகள், நூலகம், ஓய்வூதியம். வறுமையே குற்றங்களிற் கொடிது என்ற அவன் வாதம் கேட்க இனிக்கிறது, ஏற்கவும் தகும். ஆனால் அந்நகரின் சோறு பிற நாட்டுப் பிணங்களின்மேல் விளைந்தது. இதை ஷா அறியாதவர் அல்லர். அறிந்தும் வாய்வீச்சால் நம்மைக் கடத்திக்கொண்டு போகிறார். ரொட்டியைக் கையூட்டாக்காமல், வயிறு நிறைந்த தொழிலாளியின் உள்ளத்தோடு பேசப் பார்பரா துணிவது உயர்ந்த எண்ணம். துணியும் இடமோ வெடிமருந்துக் கிடங்கு! பீட்டர் ஷெர்லிக்கும் அங்கே வாயிற்காவல் வேலை கிடைக்கிறது. கூலி உண்டு, குடியிருப்பு உண்டு. மகிழ்ச்சி மட்டும் இல்லை. அதை இரண்டே வரியில் சொல்லிவிட்டு ஷா நகர்ந்துவிடுகிறார். நான் அவனோடு வாயிலிலேயே நின்றுவிட்டேன்.