பிணியும் பெருமிதமும்: ரெப்பின் வரைந்த ஓர் உருவப்படம்

உருவப்படம் என்பது முகச்சாயலைக் காட்டுவதோடு அமைவதன்று. அகத்தே நிகழ்வது புறத்தே புலப்படுதலையும் அது காட்டல் வேண்டும். இதனையே தொல்காப்பியர் மெய்ப்பாடு என்றார். ருசிய ஓவியர் இல்யா ரெப்பின் 1881ஆம் ஆண்டில் வரைந்த, இசையாசிரியர் மொடெஸ்ற் முசோர்க்ஸ்கியின் படம் இவ்வகையில் ஆராயத்தக்கது.

‘போரிஸ் கொதுனோவ்’ என்னும் இசை நாடகத்தை ஆக்கிய முசோர்க்ஸ்கி, மதுப்பழக்கத்தால் உடல் நலிந்து, சென் பீற்றர்ஸ்பேர்க் நகரின் இராணுவ வைத்தியசாலையொன்றிற் கிடந்தார். நண்பராகிய ரெப்பின் அங்குச் சென்று, படந்தாங்கியும் இன்றி, ருசியப் பழைய நாட்கணக்கின்படி மார்ச் 2 முதல் 5 வரை நான்கு நாட்களில் இதனை வரைந்து முடித்தார். அம்மாதம் 16ஆம் நாள் முசோர்க்ஸ்கி இறந்தார். அப்போது அவருக்கு வயது 42.

படத்தில் இசைக்கருவி இல்லை, கட்டிலும் இல்லை. வெறுமையான வெளிர்நிறப் பின்னணியில் மார்பளவான உருவம் மட்டுமே உண்டு. கலைந்த தலைமயிர், சீர்செய்யாத தாடி, வீங்கிய முகம், சிவந்த மூக்கு ஆகியன ஒளிவுமறைவின்றித் தீட்டப்பட்டுள்ளன. மேலங்கியின் செந்நிற மடிப்பும் மூக்கின் செம்மையும் ஒன்றற்கொன்று இயைந்து நிற்கின்றன. பிணியின் நிறத்தை ஓவியர் மறைத்தாரல்லர். அதனைப் படத்தின் நிறவமைதியிலேயே சேர்த்துக்கொண்டார்.

நண்பனின் நலிவை இவ்வாறு ஊரறியக் காட்டுதல் முறையோ எனச் சிலர் வினவலாம். இவ்வோவியத்திற்காகக் கிடைத்த 400 ரூபிளை ரெப்பின் தமக்கென வைத்துக்கொள்ளாது, நண்பரின் நினைவுச்சின்னத்திற்கென அளித்தார். அஃது அவரது அன்புக்குச் சான்றாகும். ஆயின் ஓவியத்தின் தகுதிக்குச் சான்றாகாது. அவ்வினாவுக்கு விடை படத்திலுள்ள கண்களிலேயே உளது. காண்போரை நோக்காது ஒருபுறம் செல்லும் அப்பார்வை இரக்கத்தை வேண்டவில்லை. தன் சிந்தையிலேயே நிலைத்து நிற்கிறது. முகம் இளிவரலைக் காட்டக் கண்கள் பெருமிதத்தைக் காட்டுகின்றன. தொல்காப்பியர் பிணியை முன்னதற்கும் கல்வியைப் பின்னதற்கும் நிலைக்களனாகக் கூறியமை இங்கு நினைக்கத்தக்கது. மூக்கின் சிவப்பை மறைத்து, நல்லுடை அணிவித்து வரைந்திருப்பின், கண்களின் பெருமிதமும் வெறும் முகமனாகவே தோன்றியிருக்கும். தாழ்வை உள்ளவாறு ஒப்புக்கொண்டமையாலேயே உயர்வு நம்பத்தக்கதாயிற்று.

1873இல் இறந்த ஹார்ட்மன் என்னும் கலைஞ நண்பரின் சித்திரங்களை நினைந்து, அடுத்த ஆண்டில் முசோர்க்ஸ்கி ஒரு பியானோ இசைத்தொகுதியை இயற்றினார். நண்பரின் ஓவியங்களை இசையாக்கியவர், ஏழாண்டுகளின் பின் மற்றொரு நண்பரின் ஓவியமானார். மொஸ்கோ நகரின் திரெத்தியாக்கோவ் கலைக்கூடத்திலுள்ள அப்படத்தை நோக்குவோர், நோயாளியை மறவாமலே கலைஞரைக் காண்கின்றனர். இரண்டில் ஒன்றை விடுத்து மற்றொன்றைக் காண இயலாதவாறு வரைந்தமையே ரெப்பினின் வெற்றியாகும்.