பாட்டில் இல்லாத பெயர்: கல்வராயன் மலைச்சூழலும் நடுகல் மரபும்

பெண்ணையாற்றுக்கு வடக்கே செங்கம். தெற்கே கல்வராயன் மலை. கிழக்கே ஆறு சமவெளியில் இறங்கிப் பரவுமிடத்தில் திருக்கோவலூர். இம்மூன்று இடங்களுக்கும் இடைப்பட்ட நிலப்பகுதியைப் போல, போரில் இறந்தாரைப் பற்றிப் பாட்டும் கல்லும் அருகருகே நின்று பேசும் பகுதி தமிழகத்தில் வேறொன்று உண்டோ என்பது ஐயமே. இதன் தென்பால் 2019-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களிற் புதிதாய் அமைந்த கள்ளக்குறிச்சி மாவட்டத்துள் அடங்கும். வடபால் திருவண்ணாமலை மாவட்டத்தைச் சாரும். மாவட்ட எல்லைகள் நேற்றைய செய்தி. மறவர் கால்நடை ஓட்டிச் சென்ற வழிகள் அவ்வெல்லைகளை அறியா.

இப்பகுதியின் நடுகற்களைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் ஒரே முறையைப் பின்பற்றுகின்றனர். தொல்காப்பியப் புறத்திணையியல் கூறும் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து என்னும் ஆறு துறைகளையும் முதற்கண் நிறுத்துவர். பின்னர்ப் புறநானூற்றுச் செய்யுட்கள் சிலவற்றைச் சுட்டுவர். இறுதியிற் கல்லொன்றைக் கொணர்ந்து, 'இலக்கியம் கூறியதற்கு இஃது எடுத்துக்காட்டு' என முடிப்பர். இம்முறை தவறுடைத்து என யாம் கூறவில்லை. ஆயினும் கல்லைப் பாட்டின் அடிக்குறிப்பாக ஆக்கிவிடும் குறை இதன்கண் உண்டு. இதற்குக் காரணம் வரலாற்றிலேயே இருக்கின்றது. உ.வே.சாமிநாதையர் பத்துப்பாட்டை 1889-இலும் புறநானூற்றை 1894-இலும் அச்சிட்டனர். செங்கம் வட்டாரத்துக் கற்களின் வாசகங்கள் தொகுக்கப்பெற்றுத் தமிழ்நாடு அரசு தொல்பொருள் ஆய்வுத்துறையாற் 'செங்கம் நடுகற்கள்' என்னும் நூலாக வந்தது 1972-இல். எண்பது ஆண்டுகள் பாட்டு மட்டுமே கையில் இருந்தது. பாட்டின் கண்கொண்டே கல்லைப் பார்க்கும் பழக்கம் அவ்விடைவெளியில் வேரூன்றிற்று.

கல்லின் கண்கொண்டு பாட்டைப் பார்ப்பின் என்ன தோன்றும் என்பதே ஈண்டு யாம் ஆராய விழைவது.

உறையூர் இளம்பொன் வாணிகனார் பாடிய புறநானூற்று 264-ஆம் செய்யுளை எடுத்துக்கொள்வோம். ஆனிரையைக் கன்றொடு மீட்டுத் தந்து பகைவரை ஓட்டிய ஒருவன் பட்டான். அவனுக்குப் பீலி சூட்டிக் கல் நட்டனர். கல்லிற் பெயரும் பொறித்தனர். அவன் இறந்தமை அறியாது பாணர் சுற்றம் இன்றும் வருமோ எனப் புலவர் இரங்குகின்றார். பெயர் பொறித்தனர் என்று செய்யுள் கூறுகின்றது. அப்பெயர் யாதென்று மட்டும் கூறவில்லை. அகத்திணையிற் சுட்டி ஒருவர் பெயர் கொள்ளுதல் கூடாதென்பது இலக்கண விதி. புறத்திணைக்கு அத்தகைய தடை இல்லை. பாரி, காரி, ஓரி, அஞ்சி என்று பெயர்களைக் கொட்டிக் குவிக்கும் நூலன்றோ புறநானூறு? அவ்வாறாயின் கல்லிற் பொறித்த பெயரைப் பாட்டிற் பொறியாது விட்டது ஏன்?

அதியமான் நெடுமான் அஞ்சியின் நடுகல்லை நோக்கி ஔவையார் பாடிய 232-ஆம் செய்யுளும் இத்தகையதே. மலைநாடு முழுவதையும் கொடுப்பினும் கொள்ளாதவன், சிறுகலத்தில் உகுக்கும் கள்ளைக் கொள்வானோ என்று அவர் வினவுகின்றார். தமிழிலுள்ள கையறுநிலைச் செய்யுட்களுள் இதற்கு நிகராவன மிகச் சிலவே. இதிலும் அஞ்சியின் பெயர் இல்லை. செய்யுளின் கீழ்வந்த பழங்குறிப்பே அதனை நமக்குத் தருகின்றது. கோப்பெருஞ்சோழனின் நடுகல்லைப் பற்றிப் பொத்தியார் பாடிய 221-ஆம் செய்யுளும் அவ்வழிப்பட்டதே.

இதனைப் புலவரின் மறதி என்றோ யாப்பின் இடர்ப்பாடு என்றோ கொள்ளுதல் பொருந்தாது. எம் கருத்து வேறு. பெயரைக் காத்தற்குக் கல் இருக்கின்றது. ஆகவே பாட்டு அத்தொழிலை மேற்கொள்ளவில்லை. பட்டவனை இழந்த ஊரின் நிலையையும், வரவிருக்கும் பாணரின் ஏமாற்றத்தையும், கொடுக்கப்படும் கள்ளின் சிறுமையையும் பாட்டு ஏற்றது. யார், எங்கு, யாருடைய நிரைக்காகப் பட்டான் என்பதனைக் கல் ஏற்றது. ஒன்று மற்றொன்றுக்கு எடுத்துக்காட்டன்று. இரண்டும் தொழிலைப் பகிர்ந்துகொண்டன.

இப்பகிர்வை மிகத் தெளிவாக உணர்ந்த புலவர் பெருங்கௌசிகனார். செங்கண்மாத்துத் தலைவன் நன்னன் சேய் நன்னனை அவர் பாடிய மலைபடுகடாம் 583 அடிகளையுடைய கூத்தராற்றுப்படை. செங்கண்மாவே இன்றைய செங்கம். அப்பாட்டில் வழிகாட்டுவோன் கூத்தரை நோக்கிக் கூறும் அறிவுரைகளுள் நடுகற்கள் நின்ற கவர்வழிகளைப் பற்றிய பகுதி தனித்து நோக்கத்தக்கது. நாணுடைய மறவர் உயிர் கொடுத்த இடங்களிற் பெயரொடு நட்ட கற்கள் எண்ணற்றன உள்ளன. அவ்வழிச் செல்லும்போது அவற்றிற்கு விருப்பமாகப் பாடுங்கள். பண்டை மரபுப்படி யாழைத் தாழ்த்தி விரைந்து செல்லுங்கள் என்கின்றான் அவன். அடுத்து அவன் கூறுவது முற்றிலும் வேறு வகையினது. நீங்கள் இந்நிலத்துக்குப் புதியவர். பின்வருவோர் வழி தவறாமற் கவர்வழியைத் துடைத்துப் புல்லை முடிந்து அடையாளம் இடுங்கள் என்கின்றான். அதன்பின் மீண்டும் கல்லுக்கே வருகின்றான். மராமரத்தடியில் நிற்கும் கல்லில் எழுத்து வெட்டப்பட்டிருக்கின்றது. செல்வோர் பெயரை அறிதற்கு அது வெட்டப்பட்டது.

கல்லுக்கு வழிபாடு, புல்லை முடிதல், எழுத்தைப் படித்தல் ஆகிய மூன்றும் சில அடிகளுக்குள் அடுத்தடுத்து வருகின்றன. உரை கூறுவோர் பலர் முதலாவதை விரித்துரைத்து மற்ற இரண்டையும் வழிச்செய்தி என்று கடந்து செல்வர். எமக்கோ இம்மூன்றும் ஒரே செய்தியாகவே தோன்றுகின்றன. இறந்தவனின் கல், இருப்பவனுக்கு வழி. அதைப் படிக்க வேண்டும். படித்தற்குரிய எழுத்து அதில் உண்டு. புலவர் அவ்வெழுத்தைத் தம் பாட்டிற் படியெடுக்கவில்லை. நேரிற் சென்று படியுங்கள் என்று கூத்தரை அனுப்புகின்றார். 'ஏசு' என்னும் சொல்லை ஈண்டு அவர் ஆண்டிருப்பதும் குறிக்கத்தக்கது. புறங்கொடுத்தவனைக் கல் இகழ்கின்றது என்பது அதன் கருத்து. இகழ்ச்சியைப் பாட்டு சொல்கின்றது. புகழைக் கல்லிடம் விட்டுவிடுகின்றது.

இனிக் கற்களுக்கு வருவோம். செங்கம் கற்களுட் பல பல்லவர் காலத்தன, வட்டெழுத்தால் ஆயின. அவற்றின் வாசக அமைப்பு ஏறத்தாழ ஒன்றே. அரசன் பெயரும் ஆட்சியாண்டும் முதலில் வரும். அடுத்து, அவ்விடத்தை ஆண்ட சிற்றரசன், பெரும்பாலும் வாணகோ அரைசர் குடியினன், குறிக்கப்பெறுவான். பின்னர்த் தொறுக் கொண்ட செய்தி அல்லது மீட்ட செய்தி, பட்டவன் பெயர், 'கல்' என்ற ஒரு சொல். அவ்வளவே. அடைமொழி இல்லை, உவமை இல்லை, புலம்பல் இல்லை. முதலாம் இராசராசன் காலந்தொட்டு வளர்ந்த மெய்க்கீர்த்தியோடு இதனை ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும். மெய்க்கீர்த்தியில் அரசனின் வெற்றிகள் இடமெல்லாம் நிறைந்து, கொடை பெற்ற ஊர் இறுதியில் ஒதுங்கி நிற்கும். நடுகல்லில் மகேந்திரவர்மனே ஆயினும் ஆண்டினைக் குறித்தற்குரிய நாட்காட்டி மட்டுமே. வாக்கியத்தின் எழுவாய் மாட்டு மந்தைக்காக மாண்ட ஓர் ஊர்மகன். நடுகல் அரசுப் பற்றின் சின்னம் என்று பொதுவாகக் கூறுவோர் இவ்வாக்கிய அமைப்பை ஒருமுறை ஊன்றி நோக்குதல் வேண்டும்.

மகேந்திரவர்மனது 34-ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த எடுத்தனூர்க் கல்லை இத்தொகுதியின் தலைமணி என்பது மிகையாகாது. அதில் கருந்தேவக்கத்தி என்னும் மறவன் பட்ட செய்தி உள்ளது. அவனருகில் ஒரு நாயும் செதுக்கப்பட்டிருக்கின்றது. அந்நாய்க்கும் பெயர் உண்டு: கோவிவன். அது கள்வர் இருவரைக் கடித்துக் காத்து நின்றதையும் கல் சொல்கின்றது. பாட்டு மறவனின் பெயரையே விட்டுவிடும்போது கல் நாயின் பெயரையும் விடவில்லை. இதற்கு மேலும் சான்று வேண்டுமோ, கல்லின் தொழில் யாதென்பதற்கு?

இம்மரபின் தொன்மை பற்றி ஒன்று கூறி அமைவோம். 2006-ஆம் ஆண்டில் தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையிற் கிடைத்த மூன்று நடுகற்கள் தமிழ்ப்பிராமி எழுத்துடையன. அவை கி.மு. காலத்தன என மதிக்கப்படுகின்றன. அவற்றுள் ஒன்று 'ஆகோள்' என்ற தொல்காப்பியச் சொல்லையே தாங்கி நிற்கின்றது. அங்கும் சொற்கள் சிலவே; ஊர்ப்பெயர் உண்டு; தீயன் அந்தவன் என்ற ஆட்பெயரும் உண்டு.

திருக்கோவலூர்ப் பக்கம் திரும்பினால் நிலைமை தலைகீழாகின்றது. மலையமான் திருமுடிக்காரியின் கோவலூரை அஞ்சி அழித்தான். அதனைப் பரணர் பாடினார் என்று ஔவையார் 99-ஆம் செய்யுளிற் கூறுகின்றார். வென்றவனை அறிவோம், வெற்றியைப் பாடியவனை அறிவோம், தோற்ற ஊரை அறிவோம். அவ்வூரில் பட்ட ஒருவன் பெயரையேனும் அச்செய்யுள் தரவில்லை. அஞ்சியின் பெயரைத் தாங்கிய தமிழ்ப்பிராமிக் கல்வெட்டு 1981-இல் திருக்கோவலூர்ப் பகுதியைச் சார்ந்த சம்பையிற் கண்டறியப்பட்டபோது, சங்கச் செய்யுட்களின் வரலாற்றுத் தன்மைக்கு அரிய சான்று கிடைத்ததென அறிஞர் மகிழ்ந்தனர். மகிழ்ச்சி தக்கதே. ஆயினும் அது பாழி ஈந்த கொடைக் கல்வெட்டு, பட்டாரைக் குறிப்பதன்று. பெரும்போரிற் பட்டவர் பெயரின்றிப் போயினர். சிறு மந்தையைக் காத்துப் பட்டவர் பெயரோடு நிற்கின்றனர். வேந்தர் போரைப் பாட்டும், ஊர்ப்பூசலைக் கல்லும் நினைவிற் கொண்டன என்று பொதுவிதி கூற யாம் துணியோம். எனினும் பெண்ணைக் கரையின் சான்றுகள் அத்திசையையே காட்டுகின்றன.

பிற நாட்டார் இவ்வினாவை மிகப் பிற்பட்டே எதிர்கொண்டனர். முதல் உலகப் போரின்போது, 1917-இல், ஆங்கிலேயர் அமைத்த போர்க்கல்லறை ஆணையம், பட்ட ஒவ்வொருவர் பெயரும் பொறிக்கப்படுதல் வேண்டும், பதவி வேறுபாடு கூடாது என்று கொள்கை வகுத்தது. ஆனால் அதே போருக்காக இந்திய ஊர்களில் வைக்கப்பெற்ற பலகைக்கற்கள் பல, இவ்வூரிலிருந்து இத்தனை பேர் சென்றனர், இத்தனை பேர் இறந்தனர் என்று எண்ணிக்கையோடு நின்றுவிட்டன. தலைக்கு ஒரு கல்லும் கல்லுக்கு ஒரு பெயரும் வைத்த நாட்டில், எண்ணை மட்டும் வெட்டிய கல் அயலானது.

இனி, இம்மரபின் இன்றைய நிலை. செங்கம், தருமபுரி, கிருட்டினகிரிப் பகுதிகளில் நடுகற்கள் வேடியப்பன் என்னும் பெயரால் வழிபடப்படுகின்றன. எண்ணெய் பூசப்படுகின்றது, பொங்கல் படைக்கப்படுகின்றது. நடுகல்லை நாள்தோறும் கைதொழுது விருந்து வரவேண்டும் என வேண்டிய பெண்ணை அள்ளூர் நன்முல்லையார் புறநானூற்று 306-ஆம் செய்யுளிற் காட்டினார். அப்பெண்ணின் வழிவந்தோர் இன்றும் உளர். ஆனால் வட்டெழுத்து அவர்களுக்குப் படிக்க வராது. கருந்தேவக்கத்தியும் பிறரும் ஒரே வேடியப்பனாகிவிட்டனர். பாட்டு விட்ட பெயரைக் கல் காத்தது. கல்லில் இருக்கும் பெயரை ஊர் மறந்தது. ஊர் மறந்த பெயரை அறிந்தவர் நம்மைப் போன்ற ஆராய்ச்சியாளர். நாம் அதற்குப் பூச்சூட்டுவதில்லை.

இவ்விடத்தில் நம் துறையினரின் நடைமுறை பற்றி வெளிப்படையாகவே பேசுதல் வேண்டும். கல் அழிந்துபடும் என்ற அச்சத்தால் அதனைப் பெயர்த்துக் காட்சிச்சாலையிற் சேர்ப்பது வழக்கமாகியிருக்கின்றது. ஏரிக்கரையிலும் சாலை விரிவிலும் சிக்கிய கல்லுக்கு இது தவிர வேறு வழியில்லை என்பதை யாம் மறுக்கவில்லை. ஆனால் பூசை நடக்கும் கல்லைப் பெயர்த்தல் வேறு. மலைபடுகடாத்தின் வழிகாட்டி கூறியபடி அது கவர்வழியில் நிற்க வேண்டிய கல். நின்ற இடமே அதன் வாசகத்திற் பாதி. சுவரில் எண்ணிட்டுச் சாத்திய கல்லிற் பெயர் இருக்கும், வழி இராது. பூசையை விட்டுக் கல்லைக் காப்பதும், எழுத்தை விட்டுப் பூசையைக் காப்பதும் ஒரே குறையின் இரு பக்கங்கள்.

கல்வராயன் மலைச்சரிவிலும், கோமுகியும் மணிமுத்தாறும் இறங்கும் கள்ளக்குறிச்சிச் சமவெளியிலும் களப்பணி மேற்கொள்ளும் முதுகலை மாணவர்க்கு யாம் கூற விரும்புவது இதுவே. எழுத்தைப் படியெடுத்தவுடன் திரும்பிவிடற்க. கல் எத்திசை நோக்கி நிற்கின்றது, எவ்வழி அதனருகே பிரிகின்றது, யார் எந்நாளிற் படைக்கின்றனர், அவர் அதனை எப்பெயரால் அழைக்கின்றனர் என்பனவற்றையும் குறித்துக்கொள்க. பின்னர், படித்த பெயரை ஊராரிடம் திரும்பச் சொல்லுக. ஊரார் இசைவு தரின், பழங்கல்லைத் தொடாமல், அதன் பக்கத்தில் இக்கால எழுத்தில் அப்பெயரை வெட்டிய சிறு கல்லொன்று நடலாம். அடுத்த படையலில் வேடியப்பன் தன் பெயராலும் அழைக்கப்படுவான்.