பள்ளிச் சரித்திரமும் உமறுப்புலவர் பெயரும்

நம் சிறுவர்க்குப் பெரியோர் சரித்திரம் புகட்ட வேண்டுமென்பதில் எவர்க்கும் மாறுபாடில்லை. எந்தப் பெரியோர் என்னுமிடத்திலேதான் வழக்கு. கடாரத்தின்மேற் படை செலுத்திய இராசேந்திரனையும், 1819-ல் சிங்கப்பூரில் இறங்கிய ராபில்சையும் கற்பிக்க வேண்டாமென்று நாம் கூற வரவில்லை. அவர்களோடு பாடம் முடிந்துவிடுவதையே குறையென்கிறோம்.

தஞ்சோங் பகாரில் முன்னாளிற் குடியிருந்த தமிழ் முஸ்லிம்களை நினைத்துப் பாருங்கள். திருநெல்வேலிச் சீமையின் கடையநல்லூரை விட்டு வந்தவர்கள். துறைமுகத்தில் மெய் வருந்தி உழைத்தோர் அவர்களிற் பலர். அன்னாரின் சங்கமாகிய சிங்கப்பூர்க் கடையநல்லூர் முஸ்லிம் லீக், யுத்தம் ஓய்ந்த மறு ஆண்டாகிய 1946-ல் ஒரு தமிழ்ப் பள்ளி கண்டது. அதற்கு அவர்கள் இட்டது அரசர் பெயரன்று, செல்வர் பெயருமன்று. உமறுப்புலவர் என்று ஒரு புலவர் பெயரையே இட்டார்கள்.

உமறு 17-ஆம் நூற்றாண்டினர். எட்டயபுரத்து அரசவைப் புலவரான கடிகை முத்துப்புலவரிடம் தமிழ் கற்றவர். அவர் முஸ்லிம், ஆசிரியர் இந்து; இதனை அக்காலத்தார் ஒரு விந்தையாகக் கொண்டிலர் போலும்! அவர் பாடிய சீறாப்புராணம் மூன்று காண்டங்களும் ஐயாயிரத்துக்கு மேற்பட்ட செய்யுட்களும் உடையது. நபிகள் நாயகத்தின் வரலாறு கூறுவது. அந்நூலின் நாட்டுப் படலத்தைச் சற்று நோக்குவோம். அரபு நாட்டைப் பாடப் புகுந்தவர், நம் காப்பிய மரபு வழுவாமல், மழையும் ஆறும் நெல் வயலுமாகப் பாடி வைத்தார். பாலையில் நெல் விளையுமோவென்று நகைப்பாருண்டு. நாமோ சிறுவர்க்கு முதலிற் காட்டத் தக்க இடம் அதுவே என்போம். வேற்று நிலத்துப் பிறந்த சமயத்தைத் தம் தாய்மொழியின் வயல்வெளியிலே குடியமர்த்துகிறார் புலவர். கடல் கடந்து வந்து இந்நாட்டைத் தம் நாடாக்கிக் கொண்டோரின் மக்களுக்கு இதனினும் அண்மையான கதை வேறு யாது?

ஆயினும் புலவரோடு பாடம் நின்றுவிடின் அதுவும் அரைப்பாடமே. பண்டகசாலைகளுக்கும் கப்பல் துறைக்கும் நடுவே வாழ்ந்தோர் அவர் பெயரைத் தேர்ந்தது ஏன் என்பதையும் பிள்ளைகள் வினவ வேண்டும். பின்னர் உயர்நிலைப் பள்ளியாக வளர்ந்த அப்பள்ளி 1982-ல் மூடப்பட்டது. பெயர் இன்று பீட்டி சாலையிலுள்ள உமறுப்புலவர் தமிழ்மொழி நிலையத்தில் நிற்கிறது. அவ்வாயிலிற் புகும் பிள்ளை ஒன்றை நிறுத்தி, "இவர் யார்? இப்பெயரை முதலில் இட்டவர் யார்?" என்று கேளுங்கள். முதல் வினாவுக்கேனும் விடை வரலாம். இரண்டாவதற்கு விடை தரும் பாடத்தை உபாத்தியாயர்கள்தாம் எழுத வேண்டும். தோட்டத்து அன்பர்களும் தத்தம் பள்ளியின் பெயர்ப்பலகையை ஒருமுறை இவ்வாறு நிமிர்ந்து பார்ப்பார்களாக.